சூரியன் வீட்டு வாசலில் ஒன்பது ஜோடி

அங்கிள், நீங்கள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்குகிறவர்களுடைய மூச்சே வேறு. எங்கள் அப்பாவுடையது இப்படி வரும்: கொர்ர்ர், நடுவில் ஒரு நிறுத்தம், அப்புறம் தண்ணீர் வராத குழாயில் காற்று மட்டும் வருகிற மாதிரி ஒரு புஸ்ஸ்ஸ். பார்த்தீர்களா, ஆறு வரிசைக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலை திடுக்கிட்டுத் திரும்புகிறது. அவர்தான் அப்பா. முழித்துக்கொண்டிருக்கும்போது தன் குறட்டை தனக்கே பின்னாலிருந்து கேட்டால் யாருக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும்.

நீங்கள் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்றுதானே பார்க்கிறீர்கள். பெல்ட்டை மாட்டிவிட்டு "அப்பாடா" என்றீர்கள். லிமாவில் விமானம் ஏறுகிற வேறு எவரும் அப்பாடா சொல்ல மாட்டார்கள். அதுவும் நீங்கள் மதுரைப் பக்கம். அந்தக் கடைசி இழுப்பு காட்டிக் கொடுத்துவிட்டது. குரலை வைத்து என்னை யாரும் ஏமாற்ற முடியாது அங்கிள். ஒரு இருமல் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையே அப்படித்தான் இருக்கிறது.

நான் சுருதி. திருப்பூர். பதினஞ்சு வயது. கூட்டமெல்லாம் முன்னால் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஏன் கழிப்பறைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கால்களைப் பாருங்கள். நடைபாதை ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவை. எல்லாக் காலிலும் டயர் செருப்பு. லாரி டயரை வெட்டி, வார் வைத்து, ஆணி அடித்த அசல் டயர் செருப்பு. அதைப் போட்டிருக்கிறவர்களில் மூன்று பேருக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி இருக்கிறது. விமானத்தில் ஏறும்போது அந்தப் பணிப்பெண் முகத்தைப் பார்த்தீர்கள்தானே? எங்களை ஏதோ சாமியார் கூட்டம் என்று நினைத்துவிட்டாள்.

அந்தச் செருப்புகளுக்கெல்லாம் காரணம் நான். இது அக்காவுக்குத் தெரியும். அக்காவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்கும்.

பெரு நாட்டுக்குச் சுற்றுலா, பழைய இன்கா மலைப்பாதையில் நாலு நாள் நடை, கடைசியில் மாச்சு பிச்சு. வெளியில் அப்படித்தான் சொன்னோம். நிஜத்தில் இது பெண் பார்க்கிற பயணம். எங்கள் அக்கா மௌனிகாவை. மாப்பிள்ளை பூபதி, கோபிச்செட்டிபாளையம். அவருடைய அம்மா சௌந்தரம் அத்தை. ஜாதகமெல்லாம் பொருந்திவிட்டது. வழக்கம்போல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் அத்தை போனில் ஒரு குண்டைப் போட்டார். அவர் குரலிலேயே சொல்கிறேன், கேளுங்கள்.

"ஏனுங், ஒரு மணி நேரம் சேலயக் கட்டி உக்கார வெச்சா என்னத்தத் தெரியும்? மூச்சு வாங்கறப்பத்தான் மனுசனோட கொணம் வெளிய வரும். நாலு நாள் ஒண்ணா மல ஏறுவோம். எறங்குனதுக்கப்பறம் சொல்றன். ம்க்கும்."

அந்த ம்க்கும் முக்கியம் அங்கிள். ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசியில் தொண்டையில் ஒரு சின்னக் கனைப்பு. ரைஸ் மில் சங்கில் கொஞ்சம் வெல்லப்பாகு ஊற்றின மாதிரி குரல். ஐம்பத்தேழு வயது. வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வெறுங்காலில் ஏறி இறங்குகிறவர். அவருக்கு இன்காவின் மலை சும்மா எட்டாவது மலை. எங்கள் அப்பா ஏறின அதிகபட்ச உயரம் கம்பெனி மொட்டை மாடி. ஆனாலும் மகளுக்காகச் சரி என்றார். அப்பாவின் பனியன் சங்கத்து நண்பர்கள் நாலு பேர், நாங்களும் வருகிறோம் என்று ஒட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, வரவில்லை. மொத்தம் ஒன்பது பேர்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அந்த வீட்டுப் பெரியவர் இருமினார். நான் சமையலறையிலிருந்து அதே இருமலை இருமினேன். அவர் சந்தேகமாக இன்னொன்று இருமினார். நானும். ஏழாவது இருமலில் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு அக்காவே எனக்குக் குல்பி வாங்கிக் கொடுத்தாள், ஏனென்றால் அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை குல்பி இல்லை.

"எனக்கு இவரப் புடிச்சிருக்குடி," என்றாள். "இது கெட்டுதுன்னு வெய்யி, நீ யாரோ நா யாரோ. நாலு நாள் மட்டும். யாரு மாதிரியும் பேசக் கூடாது. உன்ற சொந்தக் குரல்ல மட்டும் பேசு."

"என்ற சொந்தக் குரல் எது?"

கேலியாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்காமல், "அத நீதான் கண்டுபுடிக்கோணும்," என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையில்.

முதல் நாள் சத்தியத்தைக் காப்பாற்றினேன். குக்கரைத் தவிர.

அத்தை ஊரிலிருந்து அஞ்சு லிட்டர் குக்கர் கொண்டுவந்திருந்தார். மலையேற்றக்காரர்களின் சமையல்காரர் பாஸ்தா செய்கிறேன் என்றார். அத்தை அவரை உட்கார வைத்துவிட்டு, தானே அரிசியைக் களைந்து வைத்தார். மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், வெளியே பனிக்காற்று. "இங்க அஞ்சு விசில் வேணும்," என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய் வெங்காயம் உரித்தார். குக்கர் மூன்று விசில் அடித்தது. மீதி இரண்டை நான் அடித்தேன். குக்கரின் குரல் 'யாரு மாதிரியும்' என்பதில் வருமா, சொல்லுங்கள். குக்கர் ஒரு ஆளா?

"நாலு, அஞ்சு. எறக்குங்க," என்று உள்ளிருந்து கேட்டது.

அந்தச் சோறு கருக்கு முருக்கென்று இருந்தது. அப்பா ஜல்லி அரைக்கிற மாதிரி மென்றுகொண்டே, "பதமா இருக்குதுங்கக்கா," என்றார். "மல மேல அரிசி வேகாதுன்னு கேள்விப்பட்டிருக்கறனுங்," என்றார் சங்கத்து மாமா ஒருத்தர். விஷயம் அதோடு முடிந்தது. மறுநாள் அத்தை குக்கருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனால் பாருங்கள், குக்கரைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் உதடு வெடித்திருந்தது, அதனால் இருக்கும். அன்று சோறு நன்றாக வெந்தது.

அக்காவும் பூபதி மாமாவும் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேச்சு என்றால் என்ன பேச்சு. "தண்ணி வேணுங்களா?" "இல்லீங்." "கால் வலிக்குதுங்களா?" "இல்லீங்." ஆயிரம் படி இதையே பேசி ஏறினார்கள். காதுக்குள் கொசு நுழைந்து வெளியேறுகிற மாதிரி ஒரு குரல் பூபதி மாமாவுக்கு. அதைச் செய்யாமல் இருக்க நான் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் நாலாயிரம் மீட்டரில், மூக்கு ஒழுகுகிற குளிரில், அக்கா காலையில் எழுந்து கண்ணுக்கு மை போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்கே ஒழுங்காக நடந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் அந்த இடம் வந்தது.

எங்கள் வழிகாட்டி வில்பெர். நல்ல மனிதர். முதல் நாளே அப்பா அவருடைய டீ ஷர்ட்டின் காலரைப் புரட்டிப் பார்த்து, துணியை இரண்டு விரலால் தேய்த்து, "நம்மூர் துணி," என்று அறிவித்திருந்தார். வில்பெருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொன்னார். அவர்தான் சொன்னார், வழியில் ஒரு சின்ன இடிபாடு வருகிறது, பழைய சூரியன் கோயில். சூரியனுக்கு அவர்கள் பாஷையில் இந்தி என்று பேர். கோயிலுக்குப் பேர் இந்தி வாசி, சூரியன் வீடு. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "எங்கப்பாரு அறுவத்தஞ்சுல கொடி புடிச்சுட்டு ஜெயிலுக்குப் போனாரு. நா இத்தனை தூரம் வந்து இந்தி ஊட்டுக்குள்ள போறன்," என்று முனகினார். அது போகட்டும்.

அந்தக் கோயில் சுவரெல்லாம் பெரிய பெரிய கல். சாந்து கிடையாது, நடுவில் ஒரு பனியன் லேபிள்கூட நுழையாது. சுவரில் ஆள் தலை போகிற அளவுக்கு வரிசையாக மாடங்கள். வில்பெர் ஒரு மாடத்துக்குள் தலையை விட்டு "ம்ம்ம்" என்றார். எல்லா மாடமும் ம்ம்ம் என்றது. எங்கிருந்து வருகிறதென்றே சொல்ல முடியாது. காட்டிவிட்டு, "டிக்கெட்டில் முத்திரை வாங்கி வருகிறேன், உள்ளே போகாமல் நில்லுங்கள்," என்று சொல்லிப் போய்விட்டார்.

என்னிடம் இப்படி ஒரு சுவரைக் காட்டிவிட்டு ஒரு மனிதன் தனியாக விட்டுப் போகலாமா? யார் தப்பு?

அதோடு பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவர் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. அத்தையும் பூபதி மாமாவும் எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள், மாமாவுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு யார் முன்னால், யார் பின்னால் என்றே தெரியாது. இரண்டரை நாள் அடக்கி வைத்தது எல்லாம் தொண்டையில் வந்து நின்றது. நான் மெதுவாகப் போய் ஒரு மாடத்துக்குள் தலையை விட்டேன்.

"ஏனுங், கோயல்னு தெரியறதில்ல? செருப்போடவா உள்ள போறீங்? சத்தமில்லாம பொட்டாட்டக் கழட்டி ஓரமா வெய்யுங்க. ம்க்கும்."

சுவர் முழுக்க அத்தை. மேலே, கீழே, இடது, வலது, எல்லாப் பக்கமும் அத்தை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே என் ஷூவைக் கழற்றத் தோன்றியது.

முதலில் அப்பா குனிந்தார். "இதோ ஆச்சுங்கக்கா," என்று பனியைப் பார்த்துச் சொன்னார். அவர் குனிந்ததும் சங்கத்து மாமாக்கள் நாலு பேரும் குனிந்தார்கள். அக்காவும் கழற்றினாள். நான் ஓடி வந்து என்னுடையதையும் கழற்றினேன், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வேன். அப்பா தொழில்காரர் இல்லையா, ஷூக்களை அளவுப்படி வரிசையாக அடுக்கினார். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ். முனையெல்லாம் கோயிலைப் பார்த்தபடி.

அப்புறம்தான் அத்தை பனிக்குள்ளிருந்து வந்தார். எங்கள் காலைப் பார்த்தார். ஷூ வரிசையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கோயலாட்டிருக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தன் ஷூவையும் கழற்றி வரிசையில் வைத்தார். பூபதி மாமா அப்போதுதான் லேஸைக் கட்டி முடித்திருந்தார். மறுபடி அவிழ்த்தார். அத்தை பையிலிருந்து ஒரு கட்டிக் கற்பூரம் எடுத்து, ஷூ வரிசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் வைத்து, மூன்று தீக்குச்சி வீணாகி நாலாவதில் ஏற்றினார். பொரிகடலை, ஒரு துண்டு வெல்லம், ஒரு சிட்டிகைத் திருநீறு. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நான் கொஞ்சம் அதிகமாகவே போட்டுக்கொண்டேன்.

வில்பெர் திரும்பி வந்து எங்களைப் பார்த்தார். ஒன்பது இந்தியர்கள், பனியில், வெறுங்காலில், கை கூப்பிக்கொண்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமாக ஆட்களைக் கூட்டி வருகிறேன். எங்கள் சூரியனுக்காக ஒருத்தரும் காலணியைக் கழற்றியதில்லை," என்றார். அத்தை பரவாயில்லை என்கிற மாதிரி அவர் தோளைத் தட்டி, "போச்சாது போ சாமி," என்றார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்தது.

உள்ளே நடந்தோம். அந்தக் கல் இருக்கிறதே, ஐநூறு வருஷக் குளிரையும் சேர்த்து வைத்திருக்கிறது. அப்பா ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் போட்டார்: ஹா, ஹீ, ஹா. சுற்றி முடித்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஒரு காவலாளி நிற்கிறார், வாயில் விசிலோடு. ஒரே வழிதான், வந்த பக்கம் திரும்பக் கூடாது. ஷூ அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். வில்பெர், "கவலை வேண்டாம், கூடாரம் தூக்கி வருகிறவர்கள் பின்னால் வருகிறார்களே, அவர்கள் எடுத்து வருவார்கள்," என்றார். சரியென்று சாப்பாட்டு மேட்டில் காலைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

வந்தார்கள். பதினாலு பேர். கூடாரம் வந்தது, குக்கர் வந்தது, ஷூ வரவில்லை.

அவர்களுக்குத் தலைவர் ஃபௌஸ்தினோ. முகமெல்லாம் சிரிப்பு. வந்தவுடன் தொப்பியைக் கழற்றி எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அப்பாவைக் கட்டியே பிடித்துவிட்டார். வில்பெரிடம் என்னென்னவோ சொன்னார். வில்பெருக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன சொல்றாருங்?" என்று அப்பா கேட்டார்.

விஷயம் இதுதான் அங்கிள். அவர்கள் ஊரில் மலைக்கும் பூமிக்கும் காணிக்கை வைப்பார்களாம். இலை, இனிப்பு, தானியம் என்று பரப்பி, நெருப்பு காட்டி. இவர்கள் வந்து பார்க்கும்போது எரிந்த கற்பூரம், வெல்லம், கடலை, அதற்குப் பக்கத்தில் ஒன்பது ஜோடி விலை உயர்ந்த ஷூ, அளவுப்படி அடுக்கி, சூரியன் வீட்டைப் பார்த்தபடி. வேறு என்ன நினைப்பார்கள்? தூரத்திலிருந்து வந்தவர்கள் நம் மலைக்கு எவ்வளவு பெரிய காணிக்கை வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து போய், ஆளுக்குக் கொஞ்சம் சோளக் கள்ளை ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மலைக்குக் கொடுத்ததை மலையே திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு, நாங்கள் தொட மாட்டோம் என்கிறார் ஃபௌஸ்தினோ. சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் தொட மாட்டார்.

அன்றைக்கு மட்டும் இன்னும் நாலு மணி நேர நடை இருந்தது.

சங்கத்து மாமா ஒருத்தருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாங்க பாட்டுக்கு நின்னுட்டிருந்தோம். நீங்கதானுங் கழட்டச் சொன்னீங்க," என்றார்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார்.

அத்தை சொல்லவே இல்லையே. அவர் 'நா எங்க சொன்னன்' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அடுத்த நொடி அப்பா என்னைப் பார்ப்பார். திருப்பூரில் யார் குரலும் எங்கிருந்தாவது தப்பாக வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அக்கா என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. திட்டவில்லை, கிள்ளவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மை ஒரு சொட்டு கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது. அவள் கிள்ளியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். முதலில் அப்பா குரல் வரப் பார்த்தது, அதைத் தள்ளினேன். அப்புறம் வில்பெர். அதையும் தள்ளினேன். கடைசியில் எலி மாதிரி ஒன்று வந்தது.

"நா..."

"யாருங் பேசுனது?" என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். என் சொந்தக் குரல் அங்கிள். பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

அதற்குள் அத்தை முந்திக்கொண்டார். என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "ஆமாங், நாந்தான் சொன்னன்," என்றார். "கோயல்னா கழட்டத்தான வேணும்? வெள்ளியங்கிரிக்குச் செருப்புப் போட்டுட்டா போறோம்? மலைக்குக் குடுத்தாச்சு, உட்டுத் தள்ளுங்க. ம்க்கும்." மறுபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார்.

உங்களுக்குப் புரிகிறதா அங்கிள் என் திறமை? அவருடைய குரலை நான் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன், தான்தான் சொன்னோம் என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வயதானவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதுவும் ஒரு காரணம். நான் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டில் அத்தை எனக்கு மட்டும் மூன்று பச்சை மிளகாய் போட்டிருந்தார். தவறுதலாக.

மேட்டுக்குக் கீழே ஒரு வீட்டில் ஒரு அம்மாள் டயர் செருப்பு செய்து விற்கிறார். ஃபௌஸ்தினோவே போய் ஒன்பது ஜோடி வாங்கி வந்தார். அங்கே எல்லோரும் அதுதான் போட்டு மலையேறுகிறார்கள், நாம்தான் ஷூ ஷூ என்று அலைகிறோம். அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்து, "லாரி டயரு. வேலை சுத்தமா இருக்குது," என்றார். பூபதி மாமா பையிலிருந்து தன் கம்பளிக் காலுறையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, தண்ணி வேணுங்களா என்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் நிஜமாகவே பேச ஆரம்பித்தார்கள், காதில் விழாத அளவுக்கு மெதுவாக. எனக்குத்தான் நஷ்டம்.

குஸ்கோவுக்கு வந்ததும் எல்லோரும் புது ஷூ வாங்கப் போனோம். அத்தை கடை வாசலில் மறித்தார். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இதுதான். வெரதமாட்ட இருக்கட்டும்." அப்பா உடனே தலையாட்டினார். அதனால்தான் இந்தக் கால்கள் எல்லாம் இப்படி. என் குதிகாலைப் பாருங்கள், கொப்புளம் எலுமிச்சம்பழ அளவு. வேண்டாமா? சரி.

நடுவில் ஒன்று சொல்ல விட்டுப்போனது. நாலாம் நாள் ஒரு வினோதம் நடந்தது. செங்குத்தான படி, இன்கா ராஜா யாருக்கோ ரொம்ப நீளமான கால் இருந்திருக்க வேண்டும். நான் பாதியில் உட்கார்ந்து கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து அக்கா குரல்: "சுருதி, சீக்கிரம் ஓடியா." எண்பது படி ஏறி ஓடினேன். அக்கா, "நா கூப்படவே இல்லயே," என்கிறாள். திரும்பி இறங்கி வந்து உட்கார்ந்தேன். கீழே இருந்து: "சுருதி, இங்க வாடி." அறுபது படி இறங்கினேன். அங்கே அத்தை மட்டும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "அக்காளா? அவ மேலதான இருக்கறா," என்றார். இப்படி நாலு தடவை. வில்பெரிடம் கேட்டேன். உயரத்தில் காற்று குறைவு, சிலருக்குக் காதில் இப்படிக் கேட்கும் என்றார். சொல்லும்போது அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஏன் என்று தெரியவில்லை. அறிவியல்பூர்வமாக இது ரொம்ப சுவாரசியம். அக்கா குரல் மட்டும்தான் கேட்டது, வேறு யாருடையதும் இல்லை. அப்படியே அச்சு அசல். கடைசியில் லேசாகத் தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவுக்குச் சளி.

மாச்சு பிச்சுவா? பார்த்தோம். நன்றாக இருந்தது. படத்தில் இருக்கிற மாதிரியேதான், ஒரு லாமா என் தொப்பியைத் தின்றது, வேறொன்றும் விசேஷமில்லை. நான் எங்கே அதைப் பார்த்தேன், அத்தை வாயையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், விரல் எல்லாம் ஐஸ். அத்தை அந்த மலையை நன்றாகப் பார்த்தார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏனுங், மௌனிகாவ எங்க ஊட்டுக்குக் குடுத்துருங்க. நேத்தும் இன்னைக்கும் டயர் செருப்புல நடந்துச்சு, ஒரு சொல்லு மொனகல புள்ள." அப்பா வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். "லீவு உட்டா தங்கச்சியவும் அனுப்பி வெக்கோணும். அது இல்லாட்டிப் பொழுதே போகாதாட்ட இருக்குது. நா அதுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்க வேண்டியதிருக்குது. ம்க்கும்."

சமையல் சொல்லிக் கொடுப்பார் என்று நினைக்கிறேன். குக்கர் வைக்க.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "என்ற தங்கம்," என்றாள். குல்பி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா அன்றிலிருந்து அத்தையைச் சம்மந்தியம்மா என்கிறார். நிச்சயதார்த்தம் ஆவணியில்.

ஆக, எல்லாவற்றையும் யோசித்துப் பாருங்கள் அங்கிள். நான் அந்த மாடத்துக்குள் தலையை விடாமல் இருந்திருந்தால் ஷூ போயிருக்காது. ஷூ போகாவிட்டால் டயர் செருப்பு இல்லை. டயர் செருப்பு இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே இல்லை. ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. பாருங்கள், எவ்வளவு பெரிய தியாகம்.

என்னை இங்கே தனியாக உட்கார வைத்ததுகூட அத்தைதான். சீட்டு வாங்கும்போது கவுன்டரில் அவரே கேட்டு மாற்றினார். "நீ கொஞ்சம் தள்ளிப் பின்னால உக்காரு சாமி. அத்தனை தூரத்துக்குக் கேக்குதான்னு பாக்கறன்," என்றார். காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறாராம், பாவம். வயது ஆகிறது இல்லையா.

"சுருதி, அந்த மாமாவத் தூங்க உடுடி."

கேட்டீர்களா? அக்கா. கல்யாணம் நிச்சயமானதும் அதிகாரத்தைப் பாருங்கள். இருங்கள், எழுந்து நின்று ஒரு பதில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அட. அக்கா தூங்குகிறாள். அத்தை தோளில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். உதடுகூட அசையவில்லை, ஆனாலும் தூக்கத்தில் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் பாருங்கள். சந்தோஷத்தில் வருவதாக இருக்கும். அத்தை மட்டும்தான் முழித்திருக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பி, தோளெல்லாம் குலுங்க, வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். இதோ, தொண்டையையும் கனைத்துக்கொள்கிறார். விமானத்தில் ஏசி அதிகம், சேராமல் போயிருக்கும்.

நீங்கள் ஏன் அங்கிள் சிரிக்கிறீர்கள்?